இலையும் காளானும் இரவுப் பாட்டும்

(தைப்பிங்கில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



காளான் சாப்பிட்டால் மனச்சோர்வு தீருமாமே, நம்ம ஊரில் ஏன் தரமாட்டேன் என்கிறார்கள்? இந்தத் தலைப்பை எனக்குக் கொடுத்தபோது ஏற்பாட்டாளர்கள் சொன்னது, இளைஞர்கள் இப்படித்தான் கேட்கிறார்கள் என்று. கேள்வியில் பிழை இல்லை. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை 1 முதல், அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள், வேறு மருந்துகளுக்கு அடங்காத மனச்சோர்வுக்கு சைலோசிபின் தரலாம். சைலோசிபின் என்பது காட்சிகளை எழுப்பும் ஒருவகைக் காளானில் உள்ள வேதிப்பொருள். இங்கே அதே பொருளைக் கையில் வைத்திருந்தால் 1952-ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டம் பாயும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வீடு திரும்பும் வழியில் யாரும் மாட்டுச்சாணத்தைக் கிளற வேண்டாம்.

சட்டம் கிடக்கட்டும். ஒரு தாவரம் மனத்தை ஆற்றுகிறது என்றால் அங்கே ஆற்றுவது எது? அந்தத் தாவரத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்த ஏழை மக்களுக்கு அதனால் என்ன கிடைத்தது? இந்த இரண்டுக்கும் விடை தேடிக் கலிபோர்னியாவுக்குப் போக வேண்டியதில்லை. தாமிங் சாரி சாலையில், சிறைச்சாலைக்கு எதிரே, நம்முடைய பேராக் அருங்காட்சியகம் இருக்கிறதே, அங்கிருந்தே தொடங்கலாம். 1883-இல் அமைந்தது, இந்த நாட்டிலேயே மூத்த அருங்காட்சியகம். பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக நாமெல்லாம் போய் யானை எலும்புக்கூட்டைப் பார்த்திருக்கிறோம். அங்கே 1930-களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் படித்த ஓர் இளைஞர் வேலைக்குச் சேர்ந்தார். ஹெர்பர்ட் டீன் நூன் என்பது முழுப்பெயர். எல்லாரும் பேட் நூன் என்றார்கள். பூர்வகுடி மக்களைப் பற்றிக் களத்தில் ஆராய்வது அவர் வேலை.

நூன் காட்டுக்குள் போனார். பேராக்கும் கிளந்தானும் சந்திக்கும் மலைமுகட்டுப் பகுதியில் தெமியார் மக்களோடு தங்கினார், அவர்கள் மொழி கற்றார், ஒரு தெமியார் பெண்ணை மணந்தார். 1936-இல் அருங்காட்சியக இதழில் அவர்களைப் பற்றி நீண்ட அறிக்கை வெளியிட்டார். பேராக்கில் 1939-இல் பூர்வகுடியினர் பாதுகாப்புக்கான சட்டம் வந்ததில் அவர் பங்கு பெரிது. ஜப்பானியர் காலத்தில் காட்டுக்குள் ஒதுங்கியவர் 1943-இல் அங்கேயே கொல்லப்பட்டார்.

அவரோடு 1934-இல் சிறிது காலம் காட்டுக்குள் போன ஓர் அமெரிக்கர் இருந்தார். கில்டன் ஸ்டுவர்ட் என்று பெயர். கதை சொல்வதில் வல்லவர். அவர் 1951-இல் மலாயாவின் கனவுக் கோட்பாடு என்ற பொருளில் ஒரு கட்டுரை எழுதினார். அதில் அவர் வரைந்த படம் இது: செனோய் மக்களின் (தெமியாரும் செமாயும் இவர்களில் அடக்கம்) வீடுகளில் தினமும் காலை உணவின்போது தகப்பனும் அண்ணன்மாரும் பிள்ளைகளின் கனவைக் கேட்டு அலசுவார்கள், கனவில் புலி துரத்தினால் ஓடாதே, திரும்பி நின்று எதிர்கொள் என்று பழக்குவார்கள், இப்படி வளர்வதால் அந்தச் சமூகத்தில் நெடுங்காலமாகக் கொலையும் இல்லை, மனநோயும் இல்லை.

இந்தக் கட்டுரை பத்துப் பதினைந்து வருடம் தூங்கியது. 1960-களில் அமெரிக்காவில் எல்எஸ்டியும் காளானும் பேசப்பட்ட காலத்தில் விழித்துக்கொண்டது. மாற்று மனநிலைகள் பற்றி சார்லஸ் டார்ட் 1969-இல் தொகுத்த நூலில் இடம்பெற்றது. கலிபோர்னியாவில் எசலன் போன்ற இடங்களில் ‘செனோய் முறை’ என்று கூடி உட்கார்ந்து கனவு பேசினார்கள். புத்தகங்கள் வந்தன, பயிற்சி வகுப்புகள் வந்தன, கட்டணம் வந்தது.

ஆனால் அப்படி ஒரு முறை இங்கே இருக்கவில்லை. செமாய் மக்களோடு வாழ்ந்து எழுதிய ராபர்ட் டென்டன் போன்ற மானிடவியலாளர்கள், காலை உணவுக் கனவு வகுப்பு எதையும் கண்டதில்லை. வில்லியம் டோம்ஹாஃப் 1985-இல் ஒரு நூலே எழுதி, ஸ்டுவர்ட் கண்டதும் அவர் எழுதியதும் எவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன என்று காட்டினார். ஸ்டுவர்ட் பொய்யர் என்று நான் சொல்லவில்லை. தன் நாட்டுக்கு என்ன தேவை என்று அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அதை இங்கே வந்து ‘கண்டார்’. 

கலிபோர்னியாவில் செனோய் கனவு பேசப்பட்ட அந்த ஆண்டுகளுக்குச் சற்று முன்பு, இங்கே நிஜமான செனோய் மக்கள் எப்படி இருந்தார்கள் தெரியுமா? கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலத்தில் அவர்களைக் காட்டிலிருந்து பிடித்துக் கொண்டுவந்து முள்வேலி முகாம்களில் அடைத்தார்கள். வெக்கையிலும் நோயிலும் ஏக்கத்திலும் ஏராளமானோர் செத்தார்கள். மனநோயே இல்லாத மக்கள் என்று உலகம் கொண்டாடியவர்களின் மனத்தை அப்போது யாரும் கேட்கவில்லை. 2019-இல் கிரிக் வட்டாரத்தில் தெமியார் மக்கள் மரம்வெட்டும் லாரிகளை மறித்து உட்கார்ந்த செய்தியை நீங்கள் படித்திருப்பீர்கள். கனவு வகுப்பு நடத்திய எவரும் அங்கே வந்து உட்காரவில்லை.

சரி, தெமியார் மக்களிடம் உண்மையில் இருப்பது என்ன? மரீனா ரோஸ்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் அவர்களோடு தங்கிப் பாட்டுகளைப் பதிவு செய்தார். 1991-இல் நூலாக வந்தது. அவர் ஓர் இசையறிஞர், அதனால் அவருக்குக் காது கேட்டது. தெமியார்களின் மருத்துவம் பாட்டில் இருக்கிறது. ஒரு மலையின், ஒரு பழமரத்தின், ஓர் ஆற்றின் ஆவி ஒருவரின் கனவில் வந்து பாட்டுத் தருகிறது. அவர் ஹாலாக் ஆகிறார். ஊரே கூடும் இரவுச் சடங்கில் (நாம் சேவாங் என்று கேள்விப்பட்டிருக்கிறோம்) அவர் ஒரு வரி பாட, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மூங்கில் குழாய்களைத் தரையில் குத்தித் தாளம் போட்டபடி அந்த வரியைத் திருப்பிப் பாடுகிறார்கள். வாசனை இலைகள் தொங்குகின்றன. ஆட்டம் ஏற ஏற ஆடுபவர்கள் மயங்கிச் சாய்கிறார்கள். ஆவியிடமிருந்து வரும் குளிர்ந்த நீர் போன்ற ஒன்றை, கஹ்யெக் என்பார்கள், ஹாலாக் நோயாளியின் மேல் பாய்ச்சுகிறார்.

காட்சி தரும் காளான் இல்லை, கொடி இல்லை, விதை இல்லை. தாவரம் உண்டு, அது தோரணமாகவும் தாளக்கருவியாகவும் இருக்கிறது. மீதியெல்லாம் மனிதர்கள். நோயாளியின் பெயர் தெரிந்த, அவன் பாட்டனைத் தெரிந்த, அவன் எதனால் வாடினான் என்று தெரிந்த மனிதர்கள், இரவு முழுக்க.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு கடல் தாண்டிப் பார்ப்போம், ஏனென்றால் தாவரத்தையே உட்கொள்ளும் சமூகங்களும் இருக்கின்றன. மெக்சிகோவில் வாஹாகா மலைப்பகுதியில் மரியா சபினா என்ற மாசதெக் பழங்குடி மூதாட்டி, நோயாளிகளுக்காக இரவில் காளான் உண்டு பாடிப் பிணி பார்த்து வந்தார். 1955-இல் கார்டன் வாசன் என்ற நியூயார்க் வங்கி அதிகாரி அந்தச் சடங்கில் கலந்துகொண்டார். 1957-இல் லைஃப் இதழில் எழுதினார். பெயரை மாற்றித்தான் எழுதினார். ஆனாலும் ஊர் தெரிந்துவிட்டது. கூட்டம் கூட்டமாக வெளியார் வந்தார்கள், போலீஸ் வந்தது, ஊரார் கோபம் அந்த அம்மாள் மேல் திரும்பி வீட்டைக் கொளுத்தினார்கள். காளானின் வேதிப்பொருளை 1958-இல் சுவிட்சர்லாந்தில் பிரித்தெடுத்தார்கள். மரியா சபினா 1985-இல் ஏழையாகவே இறந்தார்.

இன்னொரு கதை உண்டு. அது நமக்கு மிக நெருக்கமானது. வட அமெரிக்கப் பூர்வகுடி மக்களின் கதை. நிலம் பறிபோய், ஒதுக்கிடங்களில் அடைக்கப்பட்டு, பிள்ளைகளைப் பள்ளி விடுதிகளுக்குப் பறிகொடுத்து, கடைசியில் சாராயத்தில் விழுந்த மக்கள். அவர்களுக்குள்ளிருந்தே ஒரு வழிபாடு எழுந்தது. பெயோட்டி என்ற முள்ளில்லாச் சிறு கள்ளியைப் புனிதப் பொருளாகக் கொண்டது. 1918-இல் ஓக்லஹோமாவில் பூர்வகுடி அமெரிக்கத் திருச்சபை என்று பதிவானது. சனிக்கிழமை இரவு கூடாரத்தில் கூடுவார்கள். நடுவில் பிறைவடிவ மண்மேடை, நெருப்பு. தண்ணீர் ஊற்றிய மத்தளமும் சுரைக்குடுக்கைக் கிலுகிலுப்பையும் கைமாறிக்கொண்டே போகும். யார் முறை வருகிறதோ அவர் பாட வேண்டும். கள்ளி கசக்கும், வாந்தி வரும், காட்சிகளும் வரும். விடியற்காலையில் ஒரு பெண் தண்ணீர் கொண்டுவருவாள், எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். குடிக்கக் கூடாது, குடும்பத்தைப் பார்க்க வேண்டும், உழைத்து வாழ வேண்டும் என்பது அந்தச் சபையின் ஒழுக்கம். குடியிலிருந்து மீண்டவர்கள் பலர்.

1956-இல் கனடாவில் சஸ்காட்சுவான் மாகாணத்தில் அரசாங்கம் இந்தச் சடங்கைத் தடுக்கப் பார்த்தது. அப்போது அந்த மக்கள் சில மனநல மருத்துவர்களை அழைத்தார்கள்: நீங்களே வந்து உட்கார்ந்து பாருங்கள் என்று. போனவர்களில் ஹம்ப்ரி ஆஸ்மண்டும் ஏப்ரம் ஹாஃபரும் இருந்தார்கள். மனக்காட்சி எழுப்பும் மருந்துகளைக் குறிக்கும் சைக்கடெலிக் என்ற சொல்லை உலகுக்குத் தந்த அதே ஆஸ்மண்ட். குடிநோயாளிகளுக்கு எல்எஸ்டி கொடுத்துச் சிகிச்சை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இவர்கள். இரவு முழுக்க உட்கார்ந்துவிட்டு வந்து, இதைத் தடை செய்ய ஒரு காரணமும் இல்லை என்று எழுதினார்கள். 2005-இல் ஜான் ஹால்பர்ன் என்ற அமெரிக்க மருத்துவர் நவாஹோ மக்களிடையே ஆராய்ந்தபோதும், சடங்கில் மட்டும் பெயோட்டி உண்டுவந்தவர்களின் அறிவாற்றலில் குறை காணவில்லை.

இதற்குப் பின் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. அண்மை ஆண்டுகளில் அமெரிக்க நகரங்களில் காட்சி தரும் எல்லாத் தாவரங்களுக்கும் விடுதலை கொடு என்று இயக்கம் கிளம்பியபோது, இந்தத் திருச்சபை மக்கள், எங்கள் கள்ளியை உங்கள் பட்டியலில் சேர்க்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். பெயோட்டி முதிரப் பத்தாண்டுக்கும் மேல் ஆகும். அமெரிக்காவில் பெரும்பாலும் தெற்கு டெக்சாசில்தான் விளைகிறது. ஆளுக்கு ஆள் வெட்டத் தொடங்கினால் அழிந்துபோகும். உங்களுக்கு விடுதலை, எங்களுக்குக் கோயிலே போய்விடும் என்பது அவர்கள் வாதம். ஒரு சமூகம் தன் மருந்தின் மேல் தானே உரிமை பேசிய இடம் இது. மரியா சபினாவுக்கு அது வாய்க்கவில்லை. நம் தெமியார் மக்களுக்கும் வாய்க்கவில்லை.

நமக்கு? இனி நம் வீட்டுக் கதைக்கு, மலேசியத் தமிழர் கதைக்கு வருகிறேன்.

நம் ரப்பர் தோட்டங்களில் தாவரத்திலிருந்து வந்த மருந்து ஒன்று இருந்தது, துரைமாரே கடை வைத்துக் கொடுத்தார்கள். கள்ளு. காலையில் இருட்டில் பெரட்டு என்ற ஆள்கணக்குக்கு நின்று, வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தால் சாயங்காலம் கள்ளுக்கடை. அதில் சத்து இருக்கிறது, சம்சு என்ற சாராயம் குடிப்பதற்கு இது மேல் என்று அதிகாரிகள் எழுதியிருக்கிறார்கள். சத்து இருந்திருக்கலாம். ஆனால் சம்பளக் காசு கைமாறி அதே நிர்வாகத்தின் கல்லாவுக்கே திரும்பிய கணக்கை நம் பாட்டிமார்கள் நன்றாகவே போட்டார்கள்.

தைப்பிங் இருக்கும் இதே லாருட் மண்ணில் அதற்கு முன்பு ஈயச் சுரங்கத்துச் சீனத் தொழிலாளிக்கு அபின். நீரிணைக் குடியேற்றங்களின் வருமானத்தில் ஏறத்தாழப் பாதி அபினிலிருந்து வந்த ஆண்டுகள் உண்டு. சீனனுக்குச் சண்டு, தமிழனுக்குக் கள்ளு. உடம்பு நோக உழைப்பவன், குடும்பத்தை விட்டுக் கடல்கடந்தவன், மறுநாளும் வேலைக்கு வரவேண்டும். அந்த அளவுக்கு மட்டும் அவன் வலி அடங்கினால் போதும். அவன் முழுக்கக் குணமானால் ஊருக்குத் திரும்பிவிடுவான், அல்லது சங்கம் வைப்பான்.

சங்கமும் வைத்தான். 1941-இல் கிள்ளான் வட்டார வேலைநிறுத்தத்தில் ஆர். எச். நாதன் முதலியோர் வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒன்று. போருக்குப் பின் கெடாவில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. இளைஞர்கள் கள்ளுக்கடை வாசலில் மறித்து நின்றார்கள். 1947-இல் போலீஸ் அடித்தது, சுட்டது, உயிர் போயிற்று. யோசித்துப் பாருங்கள், சம்பளம் கூடக் கேட்காமல், எங்களுக்கு நீ கொடுக்கும் மயக்கம் வேண்டாம் என்று கேட்டதற்காக அடி வாங்கியவர்கள் நம் ஆட்கள். வட அமெரிக்கத் திருச்சபையையும் தொண்டர் படையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். இரண்டும் குடியை விரட்ட எழுந்தவை. அவர்கள் இரவு முழுக்கக் கூடி உட்கார ஓர் இடத்தைக் கட்டிக்கொண்டார்கள். நம் இயக்கம் கட்டி முடிப்பதற்குள் உடைக்கப்பட்டது.

இன்றைக்குக் கள்ளின் இடத்தில் கெத்தும் வந்திருக்கிறது. வடக்கே பெர்லிஸ், கெடா, பினாங்கு, பேராக் முழுக்க வளரும் மரம். தாய்லாந்தில் கிராத்தோம் என்பார்கள். இலையை வேகவைத்த கசப்புத் தண்ணி, பிளாஸ்டிக் பையில் கட்டி விற்பனை. சைக்கடெலிக் வகையைச் சேர்ந்ததல்ல, காட்சி எதுவும் வராது. கொஞ்சம் குடித்தால் சுறுசுறுப்பு, நிறையக் குடித்தால் அபின் போல மந்தம். மித்ராஜைனின் என்ற பொருளின் வேலை. வயலிலும் கடலிலும் வெயிலில் நிற்பவர்கள் தலைமுறையாகக் குடித்திருக்கிறார்கள்; அபினை விட முடியாமல் தவித்தவர்கள் இதைப் பிடித்துக் கரையேறப் பார்த்திருக்கிறார்கள்.

பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் போதைப்பொருள் ஆய்வு மையம் இதை உலகிலேயே ஆழமாக ஆராய்ந்த இடங்களில் ஒன்று. அந்த ஆய்வுக் கட்டுரைகளில் விக்னசிங்கம், சுரேஷ் நாராயணன், தர்ஷன் சிங் என்று பெயர்களைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் பெருமைதான். 2010-இல் அவர்கள் வடமாநிலங்களில் 136 பேரைப் பேட்டி கண்டு எழுதினார்கள்: பலர் வேறு போதைப்பொருளைக் குறைப்பதற்காகவே இதற்கு வந்தவர்கள். 2020-இல் யேல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 26 ஆண்களிடம் ஒரு சோதனை. கெத்தும் தண்ணியோ, அதே போலத் தோன்றும் வெறும் கசப்பு நீரோ கொடுத்து, கையை ஐஸ் தண்ணீரில் வைக்கச் சொன்னார்கள். கெத்தும் குடித்தவர்கள் ஒரு மணி நேரம் கழித்துக் கூடுதலாகத் தாக்குப்பிடித்தார்கள். ஆக, வலி அடங்குகிறது என்பது வெறும் பேச்சில்லை.

ஆனால் யாருடைய வலி, எதற்காக அடங்குகிறது? தோட்டம் துண்டாடப்பட்டு, வீட்டுமனையாகி, செம்பனையாகி, லயத்தை விட்டு வெளியேறிய குடும்பத்துப் பையன், பட்டணத்து ஓர அடுக்குமாடியில் இருந்துகொண்டு லாரி கிளீனராகவோ காவலாளியாகவோ பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறான். அவன் குடிப்பதும் மறுநாள் நிற்பதற்காகத்தான். தாத்தா கள்ளுக் குடித்த காரணமே பேரனுக்கும். கெத்தும் தனியாக இருந்தவரை ஒரு மாதிரி. இருமல் மருந்தும் மாத்திரையும் கோலாவும் கலந்து குடிக்கும்போது அது வேறு விஷயம், ஆள் போய்விடுவான். தாய்லாந்து 1943-இல் போட்ட தடையை 2021-இல் எடுத்துவிட்டது. இங்கே 1952-ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தில் இன்றும் குற்றம். என் கருத்தைக் கேட்டால், குடித்தவனைச் சிறையில் போட்டு எவன் மனமும் ஆறியதில்லை. வியாபாரத்துக்குத் திறந்துவிட்டால் ஆறும் என்றும் நான் நம்பவில்லை.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மனநோய்க்குத் தாவரம் என்பது நமக்குப் புதிய செய்தியா? சர்ப்பகந்தி வேரைச் சித்தம் கலங்கியவர்களுக்குக் கொடுப்பது இந்தியாவில் பழைய வழக்கம். 1931-இல் கல்கத்தாவைச் சேர்ந்த சென், போஸ் என்ற இருவர் இது பைத்தியத்துக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மருந்து என்று எழுதினார்கள். உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் அதிலிருந்து ரிசர்பினைப் பிரித்தது. 1954-இல் நியூயார்க்கில் நேதன் கிளைன் மனநோயாளிகளுக்குக் கொடுத்தார். உடனே உலக மருந்தாயிற்று. சில ஆண்டுகளில் வேறு மருந்துகள் வந்து இதை ஓரங்கட்டின. இடையில் காட்டில் வேரைத் தோண்டித் தோண்டிச் செடி அருகிப்போனது. காளானுக்கு முன்பே இந்தப் பாதை போடப்பட்டாயிற்று.

நம் ஆட்களுக்கு மனம் கலங்கினால் அந்தக் காலத்தில் எங்கே போனார்கள்? ஒன்று, தஞ்சோங் ரம்புத்தான். 1911-இல் திறந்த அந்த மருத்துவமனை இன்று உலு கிந்தா பஹாகியா. ஊர்ப்பெயரே வசவாகிப்போனதால், மாத்திரை சாப்பிட்டால் சரியாகக்கூடிய பிள்ளையைக்கூட வீட்டில் ஒளித்துவைத்த குடும்பங்கள் உண்டு. இல்லையென்றால் கோயில். முனீஸ்வரன், மாரியம்மன், உடுக்கை, சாமியாடி, குறி. படித்தவர்கள் இதைக் கேட்டு முகம் சுளிக்கிறோம். 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வைப் படித்தால் அவ்வளவு சுளிக்க மாட்டோம். ரகுராம் முதலிய மருத்துவர்கள், தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளை ஆராய்ந்தார்கள். மருந்து இல்லை, மந்திரவாதமும் இல்லை. குடும்பத்தில் ஒருவர் கூடத் தங்கவேண்டும், காலையில் கோயில் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, பூசையில் நிற்பது. சராசரி ஆறு வாரம். நோயின் தீவிரத்தை அளக்கும் மதிப்பெண் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்தது. புதிய மருந்துகள் சில காட்டும் முன்னேற்றத்துக்குச் சமம் என்று அவர்கள் எழுதினார்கள். மலேசியத் தைப்பூசத்தில் காவடி எடுப்பவர்களுக்கு வரும் அருள்நிலையை உளவியலாளர் கொலீன் வார்ட் ஆராய்ந்து 1984-இல் எழுதினார். விரதம், கூட்டம், தாளம், உறவுகள் சூழ்ந்து நிற்பது, எல்லாம் சேர்ந்து அந்த நிலைக்கு வழிவிடுகின்றன. குனோங் சீரோவில் காவடியோடு நடந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கோயில் என்றால் எல்லாம் நன்மை என்று கைதட்டிவிடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்தவர்களைத் தங்கவைத்துக் காசு பார்த்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட மனநோயாளிகள் கருகினார்கள். நம்பிக்கை அங்கேயும் இருந்தது. உடன் தங்கும் உறவு இல்லை. இடத்தில் சங்கிலி இருந்தது. முத்துசாமி கோயிலையும் ஏர்வாடியையும் பிரிப்பது தெய்வத்தின் சக்தி என்று நான் நினைக்கவில்லை.

இனி அந்தக் காளான் கேள்விக்குத் திரும்புகிறேன். லண்டன் இம்பீரியல் கல்லூரி 2021-இல் 59 பேரிடம் சைலோசிபினையும், வழக்கமான மனச்சோர்வு மாத்திரை ஒன்றையும் ஒப்பிட்டது. முதன்மை அளவுகோலில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வேறு சில அளவுகளில் காளான் முன்னே நின்றது, அது வேறு. ஆய்வுகளில் மருந்து எப்படித் தரப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். முன்கூட்டியே பலமுறை பேசுகிறார்கள். மருந்து கொடுக்கும் நாளில் அமைதியான அறை, பாட்டு, ஆறேழு மணி நேரம் இரண்டு பேர் பக்கத்திலேயே. பிறகும் உட்கார்ந்து பேசுகிறார்கள். குடும்பத்தில் சித்தப்பிரமையோ இருதுருவ மனநோயோ இருந்தவர்களைச் சேர்ப்பதில்லை, ஆபத்து. சேவாங்கையும் பெயோட்டிக் கூடாரத்தையும் அவர்கள் வேறு பெயரில் மருத்துவமனைக்குள் கட்டப் பார்க்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கிராமத்தில் ஊரே இலவசமாகச் செய்ததை அங்கே சம்பளம் வாங்கும் இரண்டு பேர் செய்கிறார்கள், அதனால்தான் ஆஸ்திரேலியாவில் அது வசதியுள்ளவர்களின் சிகிச்சையாக இருக்கிறது. 1993-இலிருந்து 2017 வரை நடந்த 18 ஆய்வுகளில் கலந்துகொண்ட 282 பேரை 2018-இல் ஒரு குழு கணக்கெடுத்தது. 82.3 விழுக்காட்டினர் வெள்ளையர். கள்ளியையும் காளானையும் காத்துவந்த மக்களின் பிள்ளைகள் அந்தக் கணக்கில் விரல்விட்டு எண்ணும் அளவே.

ஆகையால் தம்பி, காளான் நமக்கு எப்போது வரும் என்று காத்திருக்காதே. வந்தாலும் அது உன் வீட்டு மாடிப்படி ஏறி வராது. ஆனால் அந்த மருந்தைச் சுற்றி அவர்கள் எதை வைக்கிறார்களோ, அதை வைக்கச் சட்டமும் தடையில்லை, காசும் அதிகம் இல்லை.

இந்த நாட்டில் தற்கொலைகளை இன விகிதப்படி கணக்கிட்ட தேசியப் பதிவேட்டில் இந்தியர் விகிதமே மேலே நின்றது என்பது நமக்கெல்லாம் தெரிந்த, பேசாத செய்தி. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கிய 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. இன்னமும் போலீஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாத குடும்பங்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். அரசாங்கத்தின் 15555 எண்ணுக்கு அழைக்கலாம். தைப்பிங் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாத்திரை வேண்டியவர்களுக்கு மாத்திரை வேண்டும். கோயிலுக்குப் போவதால் அதை நிறுத்தக் கூடாது.

அதோடு நான் உங்களிடம் வைக்கும் கோரிக்கை ஒன்று. இந்த வட்டாரத்தில் எந்தக் கோயிலுக்கும் ஒரு மண்டபம் இருக்கிறது, கல்யாண நாள் போக மற்ற நாளெல்லாம் பூட்டிக்கிடக்கிறது. வெள்ளிக்கிழமை பூசை முடிந்தபின் இரண்டு மணி நேரம் திறந்துவையுங்கள். குடித்துச் சீரழிந்தவன், வேலை போனவன், புருஷனைப் பறிகொடுத்தவள், தூக்கம் வராத பாட்டி, யார் வந்தாலும் உட்காரலாம், தேநீர் உண்டு, பெயர் எழுதிக்கொள்ளக் கூடாது. ஓய்வுபெற்ற தாதியர், ஆசிரியர்கள் நம்மில் எத்தனை பேர், தமிழில் காதுகொடுத்துக் கேட்க அவர்கள் போதும். நிலைமை மீறியவர்களை மருத்துவமனைக்குக் கூட்டிப்போக ஒரு காரும் வேண்டும். உடுக்கை அடிக்கத் தெரிந்தவர் வந்து அடித்தால் நான் தடுக்க மாட்டேன். நிர்வாகக் குழுவினர் இங்கே முன்வரிசையிலேயே இருக்கிறீர்கள். மண்டபச் சாவி யாரிடம், மின்கட்டணம் யார் கட்டுவது என்ற இரண்டையும் தேநீர் இடைவேளையில் பேசி முடித்துவிட்டால், கேள்வி நேரத்தைக் காளானுக்கே ஒதுக்கலாம்.